கம்பளிக் குல்லா: கிட் வாங்குவதா, நூலைத் தனியாக வாங்குவதா?

ராமநாதபுரம் கரையில் கம்பளிக் குல்லாவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. ராமேஸ்வரமும் பத்ரிநாத்தும் நான்கு தாமங்களில் இரண்டு. இந்தக் கரையில் தீர்த்தமாடிவிட்டு 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. லடாக்கில் பணியில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப நினைக்கிற அம்மாக்கள் உண்டு. குளிர்நாட்டில் படிக்கும் பேத்திக்கு உச்சிப்புளியிலிருந்து பார்சல் கட்டுகிற வீடுகளும் உண்டு. குல்லா இங்கே பின்னப்படுகிறது, வேறெங்கோ போடப்படுகிறது. நூலும் வரைபடமும் சேர்ந்து வரும் கிட்டா, தனி நூலா, எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதிச் சிக்கல் இதனால் வருவதுதான்.

அடுத்த வாரமே ரயில் என்றால் கடையில் ஒரு மங்கி குல்லா வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு நிறப் பூவேலை வைத்த குல்லா, முதல் தடவை பின்னுகிறவருக்குத் தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாலும் இரண்டு வாரம் இழுக்கும். அவிழ்த்துப் பின்னுகிற நாட்கள் அதில் சேராது.

முதலில் 'உல்லன்' என்ற சொல்லைத் தீர்த்துவிடுவோம். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் 'உல்லன் நூல்' என்று தொங்குவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. ஆட்டு ரோமம் அதில் துளிகூட இருக்காது. சந்தேகம் இருந்தால் விரல் நீள நூலைத் தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகிய நாற்றம் வீசும், தீக்குச்சியை எடுத்ததும் தானே அணையும், கரி விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகும், ஆறியதும் கறுப்பு மணி போலக் கெட்டியாக நிற்கும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். குளிர்ப்பிரதேசத்தில் அடுப்புக்கும் கணப்புக்கும் பக்கத்தில் உட்காரப் போகிற ஒருவருக்குக் கொடுக்கிறோம் என்றால், எது உருகும் எது உருகாது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். கம்பளிக்கு இன்னொரு குணமும் உண்டு. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கையில் ஈரமாகத் தெரியாது. அக்ரிலிக்கில் வியர்வை நூலுக்கு வெளியே நிற்பதால், மலையேறி நின்றதும் தலை சில்லிட்டுப் போகும்.

இனி கிட் கதை. ஒரு நல்ல கிட்டில் அடிநிற நூல், பூவேலை நிற நூல்கள், கட்டம் போட்ட வரைபடம், அளவுக் குறிப்பு ஆகியவை இருக்கும். சிலவற்றில் ஊசியும் வரும். நூலைத் தனியாக வாங்கினால் இதே பொருள்கள் இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மை. லூதியானாவிலிருந்து வரும் நூல் தபாலில் எங்கும் வருகிறது. அப்படியானால் கிட்டுக்குக் கூடுதல் காசு எதற்கு? வரைபடத்துக்காக, அந்த வரைபடத்துக்குப் பொருந்தும் பருமனில் எல்லா நிறமும் ஒரே வகை நூலாக வருவதற்காக. தனியாக வாங்குகிறவர்கள் இடறி விழுகிற இடம் இதுதான். வெள்ளையை ஒரு கடையிலும் சிவப்பை இன்னொரு கடையிலும் எடுப்பார்கள். லேபிளில் இரண்டும் 'டிகே' (நடுத்தரப் பருமன்) என்றே போட்டிருக்கும். ஆனால் ஒன்று 50 கிராமுக்கு 110 மீட்டர், மற்றது 50 கிராமுக்கு 135 மீட்டர். மெலிந்த நூலில் விழுந்த பூ, தடித்த நூலுக்கு நடுவே குழிந்து போய்க் காணாமல் போகும். தனியாக வாங்குவதென்றால் எல்லா நிறத்துக்கும் கம்பெனி ஒன்றாக, ரகம் ஒன்றாக, 50 கிராமுக்கான மீட்டர் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நிறத்தில் இரண்டு உருண்டை எடுத்தால் லாட் எண்ணும் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண்) ஒன்றாக இருக்க வேண்டும். லாட் மாறினால் கடை வெளிச்சத்தில் தெரியாத வித்தியாசம் கடற்கரை வெயிலில் பட்டை பட்டையாகத் தெரியும்.

கிட்டின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. நூலை அளந்து கொடுத்திருப்பார்கள், மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். பெரியவர் தலைக்கான டிகே குல்லாவுக்கு அடிநிறம் 60 கிராம், பூவேலை நிறம் 25 கிராம் என்பது தோராயக் கணக்கு. இதில் அளவு பார்க்க மாதிரித் துண்டு ஒன்று பின்னினாலே 10 கிராம் போய்விடும். கடைசியில் உச்சிக்கு நாலு சுற்று பாக்கி இருக்கும்போது நூல் தீர்ந்தால் அதே லாட்டில் திரும்பக் கிடைக்காது. அதனால் கிட் வந்ததும் ஒவ்வொரு உருண்டையையும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் குறிப்பின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பாதிக் குல்லாவில் திரும்ப நிறுத்தால் போதுமா போதாதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கிட்டோடு வரும் ஊசியை நம்பி வாங்க வேண்டாம். மலிவான ஊசிக்கு மேல்பூச்சு மெலிசு. பாம்பன், மண்டபம் பக்கத்து உப்புக்காற்றும் கை வியர்வையும் சேர்ந்து அதைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். அந்தச் சொரசொரப்பில் நூல் மாட்டும், வெளிர் நூலில் கறையும் ஏறும். துருப்பிடிக்காத எஃகு ஊசி ஒன்று வாங்கினால் பல குல்லாவுக்கு ஓடும். மூங்கில் ஊசியைப் பலர் பரிந்துரைப்பார்கள். ஊசியில் நிற்கும் நூல் வளையம், அதாவது கண்ணி, வழுக்கி விழாது என்பதால் புதிதாகக் கற்கிறவருக்கு அது நல்லதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும்போது மூங்கில் நூலைப் பிடித்துக்கொள்ளும், கை தானாக இறுக்கும்.

அந்த இறுக்கம்தான் இந்த வேலையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வலை பின்னுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. கண்ணி அளவு பிசகாமல் இருக்க ஒரு பட்டைக் குச்சியில் சுற்றிச் சுற்றித்தான் வலை போடுவார்கள். குச்சி மாறினால் கண்ணி மாறும், பிடிபடுகிற மீனும் மாறும். குல்லாவில் ஊசிதான் அந்தக் குச்சி. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. வலையில் கண்ணிக்குக் கண்ணி முடிச்சு இருக்கிறது, ஒன்று அறுந்தால் அதோடு நிற்கும். பின்னலில் முடிச்சே கிடையாது. ஊசியிலிருந்து ஒன்று நழுவினால் அடிவரை ஏணி மாதிரி இறங்கிக்கொண்டே போகும்.

கணக்கைப் பாருங்கள். பெரியவர் தலைச்சுற்று 56 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். குல்லா பிடித்து நிற்க வேண்டுமானால் 5 செ.மீ. குறைவாக, 51 செ.மீ. இருக்க வேண்டும். டிகே நூலில் 4 மி.மீ. ஊசியால் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று கிட்டில் போட்டிருந்தால் மொத்தம் 112 கண்ணி. 112ஐ 4ஆலும் வகுக்கலாம், 8ஆலும் வகுக்கலாம், ஆகவே விளிம்பும் பூவும் மிச்சமில்லாமல் உட்காரும். இப்போது உங்கள் கை கொஞ்சம் தளர்ந்து 22க்குப் பதில் 20 விழுகிறது என்றால் அதே 112 கண்ணி 56 செ.மீ. ஆகிவிடும், குல்லா கண்ணை மறைக்கும். இறுக்கிப் போட்டு 24 விழுந்தால் 46.7 செ.மீ. அது சிறு பிள்ளைக்குத்தான் சரி. 10 செ.மீ.யில் இரண்டே கண்ணி பிசகு, அதற்கு இவ்வளவு விலை. எவ்வளவு காசு கொடுத்து வாங்கிய கிட்டும் இதிலிருந்து காப்பாற்றாது.

ஆகவே கிட் நூலில் மாதிரித் துண்டு பின்னி வீணாக்குவதைவிடக் குல்லாவையே மாதிரியாக வைத்துக்கொள்வது மேல். 112 கண்ணி போட்டு, 3.5 மி.மீ. ஊசியில் 4 செ.மீ. விளிம்பு, 4 மி.மீ. ஊசியில் 3 செ.மீ. பூவேலை. அங்கே நிறுத்தி, கண்ணிகளை எல்லாம் வேறு நூலில் கோத்து, நனைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் அப்படியே தொடரலாம். இல்லாவிட்டால் அவிழ்க்க 7 செ.மீ.தான். நூலைத் தனியாக வாங்கியவர்களிடம் உபரி இருக்கும். அவர்கள் 30 கண்ணியில் தனித்துண்டு போடலாம், ஆனால் ஒரு நிபந்தனை: குல்லாவை வட்டமாகப் பின்னும்போது வருவது போல ஒவ்வொரு வரிசையும் நிட்டாகவே (முன்பக்கக் கண்ணியாகவே) வர வேண்டும். வரிசை முடிந்ததும் நூலைத் துண்டின் பின்னால் தளர்வாகக் கொண்டுவந்து மறுபடி வலமுனையிலேயே தொடங்க வேண்டும். சாதாரணமாகத் திருப்பிப் பர்ல் (பின்பக்கக் கண்ணி) போட்டால் வேறு அளவு வரும், குல்லாவில் அது பொய்யாகப் போகும். காலையில் பின்னிய இறுக்கமும் உச்சிவெயிலில் கை வியர்த்தபின் பின்னிய இறுக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. தினமும் ஒரே நேரத்தில் பின்னினாலே அளவு பாதி சரியாகிவிடும். வியர்வைக்காகக் கையில் முகப்பவுடர் தடவிக்கொள்ளும் வழக்கம் வேண்டாம், கரும் நூலில் அது போகாது.

நூல் வகையைப் பொறுத்தவரை தேர்வு மூன்று. ஷெட்லாந்து மாதிரியான சொரசொரப்பான கம்பளி, மென்மையான மெரினோ ஆட்டுக் கம்பளி, அக்ரிலிக் கலப்பு. இரண்டு நிற வேலைக்குப் பேர்போன ஃபேர் ஐல் தீவு ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுக் கூட்டத்தில்தான் இருக்கிறது. அந்த வேலையில் மொத்தம் எத்தனை நிறம் வந்தாலும் ஒரு சுற்றில் இரண்டுதான். அந்தச் சொரசொரப்பு பின்னுகிறவருக்கு நண்பன். பின்னால் ஓடும் நூலும் முன்னால் இருக்கும் கண்ணியும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், பூவின் ஓரம் துல்லியமாக நிற்கும், சிறு பிசகுகள் நனைத்ததும் அடங்கிவிடும். ஆனால் நெற்றியில் அரிக்கும். அதற்கு ஒரு வழி, விளிம்பின் உட்புறம் 4 செ.மீ. அகலப் பனியன் துணிப் பட்டை வைத்துத் தைப்பது. சாதாரணக் காடாத் துணி நீளாது, குல்லா தலைக்குள் ஏறாமல் நின்றுவிடும். திருப்பூர்ப் பனியன் வெட்டுத்துண்டு எந்தத் தையல்காரரிடமும் கிடைக்கும்.

மெரினோவில் 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருந்தால் ரோமத்தின் செதில்களை அடக்கிப் பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். வாஷிங் மெஷினில் போட்டாலும் சுருங்கிக் கட்டியாகாது. முகாமில் இருக்கும் பிள்ளை குல்லாவைத் தனியாக எடுத்துக் கைக்கழுவலா கழுவப்போகிறான்? அவனுக்கு இதுதான் சரி. ஆனால் இந்த நூல் நனைந்ததும் நீளும். பின்னும்போது சரியாக இருந்தது கழுவியதும் தொளதொளவென்று ஆகும், ஆகவே இதில் நனைத்து அளக்காமல் மேலே போகவே கூடாது. சூப்பர்வாஷ் அல்லாத கம்பளியை வெந்நீரில் போட்டுத் தேய்த்தால் குல்லா தேங்காய் மூடி அளவுக்குச் சுருங்கித் தடித்துவிடும், திரும்ப வராது. யாருக்கு அனுப்புகிறோமோ அவர்களிடம் இதை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

அக்ரிலிக்கை ஒதுக்க வேண்டாம். கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. பத்துத் தடவை அவிழ்த்தாலும் மனசு வலிக்காது. முதல் குல்லா அக்ரிலிக்கில், இரண்டாவது கம்பளிக் கிட்டில் என்று வைத்துக்கொள்கிறவர்கள் புத்திசாலிகள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் அக்ரிலிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரு தடவை சூடு பட்டால் விளிம்பின் இழுவை செத்துவிடும், எந்த வைத்தியமும் கிடையாது. பருத்தி கிட்டுகளும் வருகின்றன. ராமேஸ்வரம் கடற்காற்றில் பச்சைக் குழந்தையின் தலைக்குச் சாதாரணப் பருத்திக் குல்லா போதும். ஆனால் பூவேலைக்குப் பருத்தி எடுக்காதீர்கள். நூலுக்கு மீள்தன்மை இல்லாததால் ஒவ்வொரு இறுக்கமும் தளர்வும் அப்படியே மேலே தெரியும். தவிர, பூவேலையின் உட்புறத்தில் ஓடும் நூலில் குழந்தையின் விரல் மாட்டும்.

வரைபடம் பற்றி ஒரு வார்த்தை. கிட் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்குகிறவர்கள் வரைபடமுள்ள கிட்டாகப் பார்த்து எடுக்கலாம், அதற்கு மொழி தேவையில்லை. பரமக்குடி நெசவாளர் வீடுகளில் பார்டர் டிசைனைக் கட்டத்தாளில் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு கட்டம் ஒரு கண்ணி. கீழிருந்து மேலே, எல்லாச் சுற்றும் வலமிருந்து இடம் என்று படிக்க வேண்டும். கீழக்கரையில் அரபுத்தமிழ் ஏடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் திசை புதிதல்ல, மற்றவர்களுக்கு முதல் நாள் தலை சுற்றும். வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று: ஒரே நிறம் தொடர்ந்து ஐந்து கட்டத்துக்கு மேல் ஓடுகிறதா? ஓடினால் மற்ற நிற நூல் பின்னால் 2.5 செ.மீ.க்கு மேல் தொங்கும், போடும்போது விரல் மாட்டும், அல்லது அதை நடுவில் பிடித்துவைக்கத் தனி வேலை செய்ய வேண்டும். பெரிய மான், பெரிய பூ வைத்த கிட்டுகள் படத்தில் அழகு. முதல் குல்லாவுக்குச் சின்னச் சின்ன உருக்கள்தான் தோது.

நூலைத் தனியாக வாங்குகிறவர் தானே வரைந்துகொள்ளலாம். நாலு கண்ணியில் அடங்கும் ஒரு அலை: முதல் சுற்றில் 1 நீலம், 3 வெள்ளை. இரண்டாம் சுற்றில் 2 நீலம், 1 வெள்ளை, 1 நீலம். மூன்றாம் சுற்று முழுக்க நீலம். 112 கண்ணியில் இது 28 தடவை திரும்பும், பற்பற்களாக அலை எழும்பும். பின்னால் ஓடுவது அதிகபட்சம் மூன்று கண்ணி தூரம்தான். இதைப் போட்டுப் பழகியபின் சங்கும் மீனும் வரையலாம். பாம்பன் பாலத்தை வரைய ஆசைப்படுகிறவர்கள் தூண்களை மூன்று கண்ணிக்கு ஒன்றாக வையுங்கள், இடைவெளி கூடினால் மேலே சொன்ன தொங்கல் வந்துவிடும்.

இரண்டு நூலையும் எந்தக் கையில் பிடித்தாலும் சரி, எது கீழே எது மேலே என்பதை மட்டும் மாற்றாதீர்கள். கீழிருந்து வரும் நூலின் கண்ணி ஒரு பொட்டு பெரிதாக விழும், அந்த நிறம் தூக்கலாகத் தெரியும். பூவின் நிறத்தைக் கீழே வைத்துத் தொடங்கினால் கடைசிச் சுற்று வரை அதே. பாதியில் மாற்றினால் பூவின் மேல்பாதி மங்கியது போலிருக்கும், ஏன் என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நிறம் மாறும் ஒவ்வொரு தடவையும் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் பரப்பிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பரப்பாமல் போட்டால் பின்நூல் சுருங்கி இழுக்கும், குல்லா நடுவில் இடுப்பு கட்டியது போலச் சிறுக்கும். கிட்டைக் குறை சொல்லி எழுதப்படும் புகார்களில் பெரும்பங்கு இந்த இடுப்புதான் என்பது எங்கள் கணிப்பு.

ஊசியில் நீளம் எது? 40 செ.மீ. வட்ட ஊசியில் (இரண்டு முனையையும் வளையும் கம்பி இணைக்கும் ஊசி) 112 கண்ணி தாராளமாகச் சுற்றும். உச்சியில் குறைத்துக்கொண்டே போகும்போது கண்ணி அந்த நீளத்துக்கு எட்டாது, அப்போது இருமுனையும் கூரான ஐந்து குச்சிச் செட்டுக்கு மாற வேண்டும். 80 செ.மீ. ஊசி ஒன்றே வாங்கி, கம்பியின் நடுவை வெளியே இழுத்து இரண்டு பாதியாகப் பின்னினால் தொடக்கம் முதல் உச்சி வரை அதுவே போதும். ஒரே ஊசிதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். அதன் குறை, திரும்பும் இரண்டு மூலைகளிலும் பின்நூல் இறுகுவது. குல்லாவை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டுப் பின்னினால் பின்நூல் வெளிவட்டத்தில் ஓடும், மூலையில் இறுகாது. நேர் ஊசி இரண்டில் தட்டையாகப் பின்னிப் பிறகு தைப்பதும் நடக்கும். ஆனால் ஒன்றுவிட்டு ஒரு வரிசை பர்ல், அதுவும் பூவைப் பின்பக்கமிருந்து பார்த்துக்கொண்டு. வேண்டாம்.

கண்ணி போட சுமார் 2 மீட்டர் நூலை முன்னால் விட்டுத் தொடங்குங்கள். வட்டமாகச் சேர்க்கும்போது எல்லாக் கண்ணியின் அடியும் உள்பக்கம் பார்க்கிறதா என்று ஊசியை மேசையில் வைத்து ஒரு சுற்றுச் சரிபாருங்கள். ஒரு முறுக்கு விழுந்தால் அது குல்லா முழுக்க நிற்கும், அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. விளிம்பு இரண்டு நிட், இரண்டு பர்ல். அதற்கு மேல் 11 செ.மீ., அதாவது 33 சுற்றுப் போலப் பூவேலை. உச்சிக்கு 112ஐ 14 கண்ணி கொண்ட எட்டுப் பங்காக்கி, ஒவ்வொரு பங்கின் முடிவிலும் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குங்கள். முதல் ஏழு குறைப்பு ஒன்றுவிட்டு ஒரு சுற்றில், 56 மிஞ்சும். அடுத்த ஆறு ஒவ்வொரு சுற்றிலும், 8 மிஞ்சும். நூலை அறுத்து அந்த எட்டுக்குள் இரண்டு தடவை ஓட்டி இழுத்துக் கட்டினால் உச்சி மூடிவிடும். மொத்த உயரம் 21, 22 செ.மீ. வரும்.

முடித்ததும் ஒருமுறை நனைப்பது அவசியம். ஆனால் அதற்கு முன் சிவப்பு, கருநீல நூல்களில் ஒரு துண்டை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் ஒட்டுகிறதா என்று. தீவிலும் கரையிலும் பல வீட்டுக் குழாயில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அதில் சோப்பு நுரைக்காது, திரித்திரியாக நூலில் ஒட்டும். வாங்கி வைத்த நல்ல தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ அரை வாளி போதும். ஆறின தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தலையளவு ஊதிய பலூன் மேல் மாட்டி நிழலில் வையுங்கள். மாடி வெயிலில் போட்டால் நிறம் ஒரே நாளில் வெளுக்கும்.

எப்போது வாங்குவது என்பதும் தேர்வில் சேர்ந்ததுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் நேரம் இருக்கும், ஆனால் மடியில் கம்பளி வைத்துக்கொள்ள முடியாத வெக்கை. அப்போது அக்ரிலிக்கில் பழகிக்கொண்டு, மார்கழி, தையில் கம்பளிக் கிட்டைப் பிரிப்பது கைக்கு இதம். அதுவரை கிட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அந்துப்பூச்சி வரும். அதன் புழு தின்பது ரோமத்தைத்தான். மூடி இறுகும் டப்பாவில் காய்ந்த வேப்பிலையோடு போட்டு, மாதம் ஒருமுறை திறந்து உதறுங்கள். நூலில் கடிபட்ட தடமோ மாவு போன்ற பொடியோ தென்பட்டால் உருண்டையை பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்துவிட்டு, பையைப் பிரிக்காமலே ஒரு நாள் வெளியே ஆறவிட்டு எடுங்கள்.